தொன்னையும் நெகிழியும்

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமிதோறும் அவ்வழியில் அன்னதானம் நிகழ்கிறது. வாழையிலையும் தையல் இலையும் தொன்னையும் தாங்கிய சோற்றைப் பிற்காலத்தில் நெகிழித் தட்டுகளும் குவளைகளும் தாங்கலாயின. எறிந்த இலை மாட்டுக்கு உணவு. சோறு ஒட்டிய நெகிழிப்பையோ செரியாமல் அதன் இரைப்பையில் தங்கி உயிரையே வாங்கும். பசித்தவர்க்கு ஈந்த கை, வாயில்லா உயிரை வதைப்பது அறமாகுமா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை வரும் என 2018 ஜூன் 5இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த அதே பைதான். இடையில் நாகரிகர் எள்ளி நகைத்தனர், அவ்வளவே.

கார்த்திகைத் தீபத்தின்போது அன்னதானத்தில் நெகிழியைத் தடுத்த மாவட்ட நிர்வாகம், துணிப்பையுடன் கிரிவலம் வருவோர்க்குத் தங்க, வெள்ளி நாணயங்களைப் பரிசாக அறிவித்ததும் உண்டு. பாட்டன் பையைப் பேரன் எடுக்கப் பொற்காசு வேண்டியிருந்தது!

சமண முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் உத்சர்க்க சமிதி, கழிவையும் உயிர்க்கு ஊறு நேராத இடம் பார்த்தே விடப் பணிக்கிறது. இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. ஆயினும் போளூர் அருகே திருமலைக்கும் வந்தவாசி அருகே பொன்னூர் மலைக்கும் செல்லும் குடும்பங்கள் இலைக்கட்டும் எவர்சில்வர் தூக்கும் கொண்டுசெல்வது அரிதன்று. வீட்டுத் தண்ணீரையும் உடன் கொள்ளலாம்: அரசின் 14 வகைப் பட்டியலில் தண்ணீர்ப் பொட்டலம் உண்டு, தண்ணீர்ப் புட்டி இல்லை.