புல்லட் விடும் மூச்சு

புல்லட் நின்ற இடத்தைத் தரையில் இருக்கும் ஆயில் கறையை வைத்தே சொல்லிவிடலாம் என்று கிண்டல் செய்யாத ஹாஸ்டல் உண்டா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் போய்ச் சேர்வதற்குள் பேண்ட்டில் ஆயில் என்பார்கள். அந்தப் பழியில் பாதி, பிரீதர் என்ற ஒரு சின்ன சமாச்சாரத்துக்குப் போக வேண்டியது.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த இன்ஜின் இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் தொழிற்சாலை. ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின் நம்மூரில் இந்த நூற்றாண்டிலும் சில வருஷம் ஓடியது. தாய்வீடு போன பிறகும் பிள்ளை நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். சிங்கிள் சிலிண்டர். பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே மட்டும் இடம் மாறுவதில்லை. அடியில் கிராங்க்கேஸில் உள்ள காற்றும் அதே 346 சிசி அளவுக்கு நெருக்கப்படுகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் இது வினாடிக்கு 50 தடவை. ரிங் ஓரமாகக் கசிந்து இறங்கும் கேஸ் வேறு சேர்கிறது. ஜாவா, ஆர்.எக்ஸ்.100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இந்த அழுத்தத்தையே பம்ப்பாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது வேண்டாத சரக்கு, வெளியே தள்ளியாக வேண்டும்.

வெறும் ஓட்டை போட்டால் போதாதா? போதாது. பிஸ்டன் ஏறும்போது வெளிக்காற்றைத் தூசியோடு உள்ளே இழுக்கும். அதனால் ஒருவழி வால்வு. பழைய இன்ஜின்களில் மெல்லிய தகடு. பிறகு டியூப் நுனியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். காற்று வெளியேறும்போது உதடு திறக்கும், உள்ளே இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். இதனால் கிராங்க்கேஸில் சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். ஆயில் ஜாயின்ட் வழியாக வெளியே வராமல் இருப்பதற்கு இதுதான் முதல் காவல், கேஸ்கட் அதற்குப் பிறகுதான்.

ரப்பர் விறைத்துப்போனால் காவல் போச்சு. அப்போது நம்மாட்கள் செய்வது என்ன? கவருக்குக் கவர் பேஸ்ட் அப்புவார்கள். டியூப் சொட்டுகிறதென்று அதையே அடைத்துவிடுபவர்களும் உண்டு. அடைத்த அழுத்தம் சும்மா இருக்குமா? ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும்.

இன்னொன்று: லீவு முடிந்து வந்து ஸ்டார்ட் செய்தவுடன் டியூப் ஆயில் கக்கினால் பதற வேண்டாம். நிறுத்தியிருந்தபோது ஆயில் டேங்கிலிருந்து கிராங்க்கேஸுக்கு மெல்ல இறங்கியது அது. கொஞ்சம் ஓடினால் பம்ப் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

தாத்தாவின் புல்லட்டை இறக்கி ஓட்டத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு சோதனை. ஐடிலிங்கில் டியூப் நுனியில் விரலை லேசாக வையுங்கள். புஸ் புஸ் என்று தள்ள மட்டும் செய்தால் வால்வு நல்லாயிருக்கு. விரலை உள்ளே இழுத்தால், பேஸ்ட் வாங்கும் முன் அந்த ரப்பரை மாற்றுங்கள்.