பழைய மெட்டும் புதிய சொல்லும்

நெகிரி செம்பிலானில், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால், லயத்துப் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். வாத்தியம் வேண்டியதில்லை, கைத்தட்டே தாளம். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மெட்டு, தாயகத்திலிருந்து கப்பலேறி வந்தது. சொல்லிலோ கங்காணியும் கிராணியும் பெரட்டும் பால்வாளியும் புகுந்துவிட்டன.

சொந்தமாக மெட்டமைக்கத் தெரியாதவர்கள் செய்யும் வேலை இது என்று ஒதுக்குவாருண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நேயர்கள் அறிவீர்கள். பண்ணையாளான நந்தன், மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். உனக்கு ஏன் திருநாள் என்று ஆண்டை எள்ளுகிறார். அந்த எள்ளல் பாட்டின் வர்ணமெட்டிலேயே சுப்பிரமணிய பாரதியார் வேறொரு பாட்டுக் கட்டினார். அதில், விடுதலை கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி எள்ளுகிறான். கேட்பவர் காதில் பழைய பாட்டும் உடன் ஒலிப்பதால், ஆண்டையின் இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெட்டே அதைச் சொல்லிவிடுகிறது. தைப்பூசத்துக்குத் துரையின் உத்தரவை எதிர்பார்த்து நின்ற தோட்டத் தொழிலாளிக்கும் நந்தன் கதைக்கு உரை தேவைப்பட்டிராது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. யூதர்களிடையே இஸ்ரேல் நஜாரா என்னும் புலவர் துருக்கி, அரபு, ஸ்பானியப் பாடல்களின் மெட்டுகளில் எபிரேயத் துதிப்பாடல்கள் இயற்றினார். 1587இல் சாஃபேத் நகரில் அச்சான அவரது நூலில், எந்தப் பாட்டின் மெட்டு என்னும் குறிப்பும் இடம்பெற்றது. நம் சிந்து, கும்மிப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டதைப் போலத்தான். காதல் பாட்டின் ஓசை கடவுள் துதியில் கேட்கலாமா என்று அன்றே கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. பாஸ்காவுக்குப் பிந்திய வாரங்களில் இசைக்கருவிகளைத் தவிர்ப்பது யூதர் பலரின் மரபு. வாய்ப்பாட்டுக் குழுக்கள் செழிக்க அதுவும் ஒரு காரணம். 2010இல் நியூயார்க் யெஷிவா பல்கலைக்கழகத்து 'மக்கபீட்ஸ்' குழுவினர், அப்போது பெயர்பெற்றிருந்த ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டில் ஹனுக்கா விளக்குத் திருநாளைப் பாடினார்கள். தாளமும் வாயாலேயே. இணையத்தில் அதைக் கேட்டவர்கள் பல லட்சம் பேர்.

ஆனால் இத்தகைய பாட்டுக்கு ஓர் அபாயம் உண்டு. மூலப்பாட்டு மறந்துபோனால் புதுப்பாட்டு ஊமையாகிவிடும். அச்சில் உள்ள சிந்துகள் பலவற்றை இன்று நாம் படிக்கிறோம், பாட இயலவில்லை. 1938இல் இந்திய அரசு தோட்டவேலைக்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. புதிய ஆட்களோடு புதிய மெட்டு வருவதும் அருகியது. அதன்பின் சினிமா அந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைத்தது! பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நீலாய், சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலமாயின. கும்மி வட்டத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள்.

இன்று பாட்டிமாரிடம் பாட்டுத் திரட்டச் செல்லும்போதும் சொற்களை மட்டுமே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம். எந்தப் பாட்டின் மெட்டு என்று கேட்பதில்லை. கேட்டால், முதலில் அந்தப் பழைய பாட்டையே பாடிக் காட்டுவார்கள்.