பாலாற்றங்கரையில் துப்பாக்கியும் வரியும்

சென்ற பொங்கலன்று நம் காலனியில் நிகழ்ந்த ஒரு வாதத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளையும், அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளையும் பந்தி முடிந்த பின்னும் எழவில்லை. "கடையில் காய்கறி வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்குகிறீர்களே, இது நாடா?" என்றார் முன்னவர். "சம்பாதிப்பதில் பாதியை அரசுக்குக் கொடுத்துவிட்டு வாய் மூடியிருக்கிறீர்களே, அது மட்டும் நாடா?" என்றார் பின்னவர். விமானக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் இருவரும் ஒன்றுபட்டனர். குறைந்த கட்டணம் வேண்டும். ஆனால் அதில் ஏறிய பின் படும் பாட்டைச் சொல்லி மாளாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வேறொன்று தோன்றியது. இவர்கள் கடலுக்கு அப்பால் உள்ள செய்தியாக எண்ணிப் பேசும் இந்த வழக்கு, நாம் சேலத்துக்குப் போகும் வழியிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. மைசூரிலிருந்து கொள்ளேகாலம், அனூர், மாதேசுவரன் மலை வழியாக இறங்கி மேட்டூருக்குச் செல்வோர் ஒரு பாலத்தைக் கடப்பர். அதுவே பாலாறு. வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு வேறு. அது நந்தி மலையில் பிறந்து வங்கக் கடலை நாடுவது. நாம் சொல்லும் பாலாறு சிறியது. கருநாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில் காவிரியோடு கலந்துவிடுவது. ஆண்டில் பல மாதங்கள் அதில் மணலே மிகுதி.

இப்பக்கத்து நாடு முழுவதும் ஒரு காலத்தில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1792இல் சேலமும் பாரமகாலும் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறின. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கோயம்புத்தூரும் கொள்ளேகாலமும் அவ்வாறே மாறின. முதற் போரில் சேலத்தைப் பறித்த தளபதி யார் என்று பார்த்தால் வியப்பு மேலிடும். அவர் கார்ன்வாலிசு பிரபு. 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாசிங்டனிடம் படையோடு சரணடைந்த அதே கார்ன்வாலிசுதான் 1786இல் கல்கத்தாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். அவரை வென்ற அமெரிக்கர், அதே 1791ஆம் ஆண்டு டிசம்பரில்தான் படைக்கலம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று தங்கள் அரசியல் சட்டத்தில் திருத்தம் எழுதிக்கொண்டனர். ஓர் ஆண்டில் அங்கே துப்பாக்கி உரிமையாயிற்று. இங்கே துப்பாக்கி நம் ஊர்களைப் பறித்தது.

அமெரிக்கரின் கலகம் வரியில் தொடங்கியது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1773இல் பாசுடன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை யாருடையது? நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினியாருடையது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஐதரின் புகழ் அமெரிக்கர் காதிலும் விழுந்திருந்தது. பென்சில்வேனியா நாட்டார் 1782இல் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஐதர் அலி' என்றே பெயரிட்டனர். அக்கப்பல் ஆங்கிலக் கப்பலொன்றைச் சிறைபிடிக்கவும் செய்தது. மைசூரில் வாழும் நாம் இதனைப் பெருமையோடு நினைவுகூரலாம்.

அமெரிக்கருக்கு வாய்த்தது மைசூருக்கு வாய்க்கவில்லை. 1799இல் அரியணையில் அமர்த்தப்பட்ட மைசூர் மன்னர், கும்பினிப் படையின் செலவுக்காக ஆண்டுதோறும் ஏழு இலட்சம் வராகன், அதாவது இருபத்துநாலரை இலட்சம் ரூபாய், கட்டவேண்டும் என்பது உடன்படிக்கை. 1881இல் ஆட்சி மீண்டும் மன்னர் குடும்பத்திடம் வந்தபோது அத்தொகையை முப்பத்தைந்து இலட்சமாக உயர்த்த முடிவாயிற்று. வரி கட்டுவோர் இந்நாட்டு உழவர். அவ்வரியால் வாங்கிய துப்பாக்கியோ பிறர் கையில்! இடையே, 1830இல், நகர சீமையில் வரிச்சுமை தாங்காது குடிகள் கிளர்ந்தெழ, அதையே காரணமாகக் காட்டி மறு ஆண்டு ஆங்கிலேயர் நாட்டை எடுத்துக்கொண்டனர். அமெரிக்கர் வரிக்காக எழுந்தபோது நாடு பெற்றனர். நகரத்தார் எழுந்தபோது மைசூர் இருந்த நாட்டையும் ஐம்பதாண்டுக் காலம் இழந்தது.

துப்பாக்கியைப் பற்றி ஆங்கிலேயருக்கு இருந்த எண்ணம் ஒன்றன்று, இரண்டு. இதனை லண்டன் பிள்ளை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே விரித்துரைக்கிறோம். 1870இல் அவர்கள் தங்கள் நாட்டில் ஒரு சட்டம் செய்தனர். வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வோர் ஆண்டுக்குப் பத்து சில்லிங் கட்டி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். அஞ்சல் நிலையத்திலேயே பெறலாம். நாய்க்கும் வண்டிக்கும் வரி கட்டுவதுபோல் அதுவும் ஒரு வருவாய் இனம். கேட்டவனைப் பார்த்து 'நீ யார்?' என்று வினவும் எண்ணம் அதில் இல்லை. எட்டே ஆண்டுகளுக்குப் பின், 1878இல், லிட்டன் பிரபு இந்தியாவுக்கு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இங்கே உரிமச் சீட்டு அதிகாரியின் மனம் குளிர்ந்தால் கிடைப்பது. ஐரோப்பியருக்கு விதிகளில் விலக்கு, நமக்குத் தடை. பத்து சில்லிங் இருந்தால் லண்டனில் ஒரு கடைக்காரன் ஏந்தக்கூடிய துப்பாக்கியை, காட்டுப்பன்றி கரும்பை அழிப்பதைக் கண்ணால் கண்டும் கொள்ளேகாலத்து உழவன் ஏந்த இயலாது. 1857இல் அடைந்த அச்சம் அவர்களை விடவில்லை. மலையடிவார ஊர்களில் கொல்லர் உலையில் பிறந்த நாட்டுத் துப்பாக்கிகள் மறைவாகப் புழங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் துணிபு.

இதற்கு ஒரு விதிவிலக்கு நம் பக்கத்து வீட்டிலேயே உண்டு. குடகர் ஆங்கிலேயருக்கு உண்மையாயிருந்தனர் என்று 1861 முதல் அவர்களுக்கு உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் சலுகை தரப்பட்டது. கைல்போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவதை மடிக்கேரியில் வேலை பார்த்த நம்மவர் பலர் கண்டிருப்பர். அந்தச் சலுகை இன்றும் நீங்கவில்லை. நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டியுள்ளது.

காந்தியடிகள் துப்பாக்கியை விரும்பாதவர். ஆயினும் 1930 சனவரியில் அவர் ஆட்சியாளர்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். உப்புவரியை நீக்குக, நிலவரியைப் பாதியாக்குக, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டில் வழங்குக! வரியும் துப்பாக்கியும் ஒரே தாளில் வந்தன. ஆளுவோர் ஆளப்படுவோரை நம்புகின்றனரா என்பதற்கு இவ்விரண்டுமே அளவுகோல் என்பதை அகிம்சை பேசியவரே கண்டிருந்தார். விடுதலைக்குப் பின் நாம் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் செய்தோம். உரிமம் அரசின் அருளால் வருவது என்ற முறை அதிலும் தொடர்ந்தது. இதனைக் குறையென்று சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. அமெரிக்காவில் பள்ளிக்குழந்தைகள் சுடப்பட்ட செய்திகளைப் படித்தபின், எல்லார் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்று யார் சொல்வார்? பிரிட்டனும் 1996இல் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் மாண்டபின், மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது.

பாலாற்றுக்குத் திரும்புவோம். ஆங்கிலேயர் காலத்தில் அதன் இரு கரையும் சென்னை மாகாணமே. 1956 நவம்பர் 1ஆம் நாள் கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது; அன்றுதான் பாலாறு இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. விற்பனை வரியோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் இராசாசி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி விதித்தது. பின்னர் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறாக, எல்லை தோறும் சாவடிகள் எழுந்தன. ஊருக்குச் சென்று மூட்டை முடிச்சோடு திரும்பிய நம் குடும்பங்களுக்குச் சாவடியில் வண்டி நின்ற நேரங்கள் நினைவிருக்கும். அத்தை கொடுத்தனுப்பிய புளிப்பானையைத் திறந்து காட்டியோரும் நம்மில் உளர்.

வரிச் சாவடியைப் பொறுத்துக்கொண்டோம். துப்பாக்கி வந்தபோதுதான் அந்த வழியே அஞ்சத்தக்கதாயிற்று. 1993 ஏப்ரல் 9ஆம் நாள், பாலாற்றுக்கருகே வீரப்பன் கூட்டத்தார் புதைத்த கண்ணிவெடிகளில் இருபத்திரண்டு பேர் மாண்டனர். காவலர், வனத்துறையினர், அவர்களோடு வழிகாட்டியாகச் சென்ற ஊரார் எனப் பலரும் அதில் அடங்குவர். அதன்பின் பல ஆண்டுகள் மாலை மயங்கியபின் அவ்வழியே பயணம் போக நம் வீடுகளில் யாரும் ஒப்பவில்லை. உரிமமில்லாத் துப்பாக்கி காட்டுக்குள். அரசின் துப்பாக்கி சாலையில். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர் மலையூர் மக்கள், தமிழரும் கன்னடரும் சோளகரும். இரு மாநில அதிரடிப்படையினர் செய்த கொடுமைகளைப் பற்றி எழுந்த முறையீடுகளை ஆராய 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. வீரப்பன் 2004 அக்டோபர் 18இல் கொல்லப்பட்டான். அந்த மக்களுக்கு உரிமமும் இல்லை, காவலும் இல்லை. தங்களைத் துன்புறுத்திய இரு துப்பாக்கிகளில் ஒன்றுக்குத் தாங்களே வரி கட்டினர். லண்டன், அமெரிக்கப் பிள்ளைகளின் வாதத்தில் இவர்களுக்கு எந்தப் பக்கம் இடம்?

2017ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. சூலை 1இல் நாடு முழுமைக்கும் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வர, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. செப்டம்பரில் மண்டகள்ளி நிலையத்திலிருந்து சென்னைக்கு உடான் திட்டத்தின் கீழ் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சரிபாதி இருக்கைகள் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் என்பது அத்திட்டம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதை அமெரிக்கப் பிள்ளைக்குச் சொல்லிவைத்தோம். பெரு நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின்மேல் ஒரு தீர்வை விதித்து, அப்பணத்தைச் சிறு நகர விமானங்களுக்கு அரசு ஈடாகத் தந்தது. வரியே மலிவுச் சீட்டாயிற்று! அமெரிக்கர் 1978இல் விமானக் கட்டணத்தின் மேலிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கி மலிவு கண்டனர். பிரிட்டனில் பிரெடி லேக்கர் 1977இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மலிவு விமானம் விட்டார். அந்நாட்டரசு 1994 முதல் பயணி ஒவ்வொருவர் மேலும் தீர்வை விதித்தது. நம் நாட்டில் ஒரு ரூபாய்ச் சீட்டைக் காட்டி எளியோரை வானில் ஏற்றிய ஏர் டெக்கான் 2003இல் தொடங்கியது. அதனை நடத்திய கேப்டன் கோபிநாத் ஹாசன் மாவட்டத்துக் கொரூர்க்காரர். 'சூரரைப் போற்று' படத்தில் அவர் மதுரைப் பக்கத்துப் பிள்ளையாகிவிட்டார். காவிரியைப்போல் இதற்கும் வழக்காடாதிருந்தால் சரி.

மைசூர் விமானத்தைத் தொடங்கிய நிறுவனம் பின்னர் பறப்பதை நிறுத்திவிட்டது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எல்லையில் பேருந்துகள் நின்றபோது, விமானம் ஒன்று இருந்திருந்தால் என ஏங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் தைக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர் இன்றும் பேருந்தையே நம்பியிருக்கின்றனர். இரு பிள்ளைகளும் விடைபெறுமுன் அவ்வழியே சேலத்துக்குச் சென்றனர். பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது அமெரிக்கப் பிள்ளை, "ஆறு எங்கே?" என்று கேட்டாராம். கீழே மணலில் இரண்டு சிறுவர்கள் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தனராம்.