மந்திரி குமாரி: மலை உச்சியில் மூன்று சுற்று

அரண்மனைச் சூழ்ச்சி, பட்டாடை, பெண்ணை மயக்கும் பேச்சு என்றதும் பலருக்கும் பிரெஞ்சுப் பிரபுக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1782ல் லக்லோ எழுதிய நாவலை 1988ல் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் 'டேஞ்சரஸ் லியேசன்ஸ்' என்று படமாக்கினார். அதற்கு 38 வருடம் முன்பே, 1950ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதே வகையில் ஒரு படம் எடுத்துவிட்டது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கிய 'மந்திரி குமாரி'தான் அது. கதை வசனம் மு. கருணாநிதி, அப்போது வயது 26.

எம்.ஜி.ஆர். படம் என்பார்கள். உண்மையில் இது வில்லனின் படம். ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்) தளபதி பதவி கிடைக்காமல் கொள்ளைக்காரன் ஆகிறான். இளவரசிக்கு அவன் அனுப்பிய சேதி ஆள் மாறி மந்திரி மகள் அமுதவல்லியிடம் (மாதுரி தேவி) சேர்கிறது. அவளும் மயங்கிவிடுகிறாள். அவன் பிடிபட்டதும் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து, தெய்வமே பேசுவதுபோலப் பேசி அவனைக் காப்பாற்றுகிறாள். ராஜா நம்பிவிடுகிறார்! தி.மு.க. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. அந்தக் காட்சி யாரைக் குத்துகிறது என்று கொட்டகையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

கதையின் வேர் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அதில் இன்று மிஞ்சியிருப்பது 19 பாடல்கள்தான். கதை நமக்குக் கிடைப்பது நீலகேசி உரையிலிருந்தும், பாலி மொழியில் உள்ள தேரிகாதை உரையிலிருந்தும். வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் திருடனைப் பார்த்துக் காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். பாலிக் கதையில் அந்தத் திருடன் யார் தெரியுமா? அரசனுடைய புரோகிதரின் மகன். கட்சிக்காகக் கருணாநிதி சேர்த்த சரக்கு என்று தோன்றும் விஷயம், பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்தர்கள் எழுதி வைத்தது.

படத்தில் அமுதவல்லியை மலைக்குக் கூட்டிப்போகும்போது வரும் பாட்டு (இசை ஜி. ராமநாதன், பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும்) தேனாக இனிக்கும். காதல் பாட்டு என்றே பலரும் ரசிக்கிறார்கள். பாடுகிறவன் அவளைக் கொல்லப் போகிறான்.

லக்லோவின் கதையில் ஏமாந்தவள் மனமுடைந்து சாகிறாள். அமுதவல்லி சாகவில்லை. கணவனைக் கடைசியாக மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். அவனும் சம்மதிக்கிறான். மூன்றாம் சுற்றில், பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

பிறகு அவள் பௌத்தத் துறவி ஆகிறாள். பத்திரையும் அப்படித்தான். ஊர் ஊராக வாதம் செய்து வென்று, கடைசியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பிக்குணியானாள். அவள் பெயரில் தேரிகாதையில் பாடல்களும் இருக்கின்றன.