ஆடுகளத்திலிருந்து ஒலிவாங்கிக்கு

ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற புக்கிட் பாஞ்சாங்கில் இன்று அடுக்குமாடி வீடுகள். அவற்றிடையே கூடைப்பந்துத் திடல்கள். அங்கே பந்து தட்டும் நம் பெண்பிள்ளைகள் அமெரிக்கப் பெண்மணி ஆன் மேயர்ஸின் வரலாற்றை அறிய வேண்டும்.

11 பிள்ளைகள் உள்ள வீட்டில் 1955இல் பிறந்தவர் அவர். ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்ற 1976இல், வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் ஆடினார். 1979இல் இண்டியானா பேசர்ஸ் என்னும் ஆடவர் தொழில்முறை அணி 50,000 டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் உயரம் 5 அடி 9 அங்குலம். எதிரே நின்ற ஆடவரோ பனைமரங்கள்! மூன்று நாள் தேர்வுக்குப்பின் அணியில் இடமில்லை என்றார்கள். எல்லாம் வெறும் விளம்பரம் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு.

அவர் ஊர் திரும்பவில்லை. அதே அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய ஒலிவாங்கி முன் அமர்ந்தார். ஆடத் தெரிந்தவரெல்லாம் ஆட்டத்தைச் சொல்லத் தெரிந்தவர் அல்லர். வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு அது நன்றாகவே தெரியும். பின்னர் நியூ ஜெர்சி ஜெம்ஸ் மகளிர் அணியிலும் சிறப்பாக ஆடினார். ஆட்டம் ஓய்ந்தபின்னும் பல்லாண்டுகள் தொலைக்காட்சியில் அவர் குரல் ஒலித்தது.