தவணை முடிந்த சர்வர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு மணி நேரமாவது சுற்றுவேன், வாங்குவது குறைவு. போன பொங்கலுக்குப் போனபோது, எனாமல் டிபன் கேரியர்களுக்கு அடியில் ஒரு பழைய சம்பளச் சீட்டு கிடைத்தது. பர்மா கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவரும் முதலாளியும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். மூன்று வருஷம், இன்ன சம்பளம், இன்ன ஊர்க் கடை. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆபீசிலிருந்து போன். "அண்ணா, கிளவுட் பில் எகிறியிருக்கு. ஒரு டெஸ்ட் கிளஸ்டர் பதினோரு மாசமா சும்மா ஓடிட்டிருக்கு. யாரோடதுன்னே தெரியல."

அதை உருவாக்கிய பையன் வேலையை விட்டுப் போயே எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு அந்த கிளஸ்டரைக் கொடுத்தது மனுஷன் இல்லை, நாங்கள் கட்டிய செல்ஃப் சர்வீஸ் போர்ட்டல். கட்டியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சர்வர் வேண்டுமென்றால் படிவம் நிரப்பணும். மேனேஜர் கையெழுத்து, நிதித்துறை கையெழுத்து, பர்ச்சேஸ் ஆர்டர். பெட்டி வந்திறங்கி, ரேக்கில் மாட்டி, நெட்வொர்க்காரர்கள் ஐ.பி. முகவரி கொடுத்து, கைக்கு வர எட்டு பத்து வாரம் ஆகும். அதனால் ஒன்று தேவைப்பட்டால் மூன்றாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு விர்ச்சுவல் மெஷின்கள் வந்தன. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து இருபது சர்வர்கள். ஒன்றை உருவாக்கப் பத்து நிமிஷம். ஆனால் படிவம் அப்படியேதான் இருந்தது. மெஷின் பிறக்கப் பத்து நிமிஷம், அனுமதி பிறக்கப் பதினைந்து நாள்.

2006 ஆகஸ்டில் அமேசான் ஈ.சி.2 சேவையை வெள்ளோட்டம் விட்டது. சின்ன சர்வர் ஒன்றுக்கு மணிக்கு 10 சென்ட். கிரெடிட் கார்டு இருந்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம். அலுவலகப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எஞ்சினியர்கள் சொந்தக் கார்டில் சர்வர் எடுத்துவிட்டு, பில்லைச் செலவுக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். 2011இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி., கிளவுட் என்றால் என்ன என்று சில பக்கங்களில் வரையறுத்தபோது, அதன் ஐந்து அடிப்படைக் குணங்களில் முதலாவதாகச் சொன்னதே இந்த செல்ஃப் சர்வீஸைத்தான். 'ஹைபிரிட் கிளவுட்' என்பதற்கும் அதே ஆவணத்தில் விளக்கம் இருக்கிறது.

அந்த முதல் குணத்தை எங்களைப் போன்றவர்கள் அரைகுறையாகப் படித்தோம். கொடுக்கிற பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் அது சொல்கிறது. வாங்குகிற பக்கத்தில் பொறுப்பாளி வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

இந்தியாவில் இந்தக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே கிளவுட் வந்தபோது பெரிய நிறுவனங்களிடமும் அரசிடமும் ஏற்கெனவே சொந்த டேட்டா சென்டர்கள் இருந்தன. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு 'மேகராஜ்' என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான கிளவுடைத் தொடங்கியது. (அதிகாரிகளிலும் காளிதாசனைப் படித்த யாரோ இருந்திருக்க வேண்டும்.) 2015இல் மைக்ரோசாஃப்ட் சென்னை, மும்பை, புனே மூன்று இடங்களிலும், 2016இல் அமேசான் மும்பையிலும் கிளவுட் மையங்களைத் திறந்தன. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனைத் தரவுகள் இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக எதை வீட்டில் வைப்பது, எதை வாடகை இடத்தில் வைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு சர்வருக்கும் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் மீட்டிங் போட முடியாது. விதியாக எழுதி மெஷினிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் போர்ட்டல் செய்ததும் அதைத்தான். பட்டியலிலிருந்து ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். வாடிக்கையாளர் தரவு உள்ளதா என்று கேட்கும்; ஆமென்றால் சொந்த டேட்டா சென்டர், இல்லையென்றால் வெளி கிளவுட். டெராஃபார்ம் (2014இல் வந்த கருவி) மெஷினை எழுப்பும். ஐ.பி., பெயர், கண்காணிப்பு, சொத்துப் பட்டியலில் ஒரு வரி எல்லாம் தானாக. பன்னிரண்டு நிமிஷம். எங்களுக்கு ஒரே பெருமை.

இந்த வகை போர்ட்டல்களின் வம்சாவளியைத் தேடியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வி.எம்.வேர் 2012இல் டைனமிக்ஆப்ஸ் என்ற கம்பெனியை வாங்கி, அதன் மென்பொருளைத்தான் தன் செல்ஃப் சர்வீஸ் கருவியாக்கியது. அந்த டைனமிக்ஆப்ஸ் பிறந்தது கிரெடி சுவிஸ் என்ற வங்கிக்குள். உலகம் பூரா கிளை வைத்திருந்த வங்கி, தன் விர்ச்சுவல் மெஷின்களை மேய்க்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 2008இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. தூரத்தில் இருக்கிறவனிடம் வளத்தைக் கொடுத்துவிட்டு, அவன் ஒவ்வொன்றுக்கும் கேட்காமல், ஆனால் கணக்கு தவறாமல் நடத்த வேண்டும். வங்கிக்காரர்களுக்கு இது பழகிய சிக்கல். எங்க ஊர்க்காரர்களுக்கு இன்னும் பழகியது.

நகரத்தார் பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்தில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில். பணம் ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களில். ஒரு விவசாயிக்குக் கடன் கொடுக்கலாமா என்று கடிதம் போட்டுக் கப்பலில் பதில் வருவதற்குள் நடவு முடிந்துவிடும். ஆகவே அனுமதி முன்கூட்டியே எழுதப்பட்டது. ஏஜெண்டுக்குப் பவர் பத்திரம், பொதுவாக மூன்று வருஷத் தவணை, பேசி முடித்த சம்பளம். பெயருக்கு முன்னால் முதலாளியின் விலாசம், அதாவது நிறுவனத்தைக் காட்டும் தலைப்பெழுத்துகள். எந்தப் பத்திரத்தைப் பார்த்தாலும் பணம் யாருடையது என்று தெரியும். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். தவணை முடிந்ததும் ஏஜெண்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சொந்தப் பணமும் உறவினர் டெபாசிட்டும் போதாத பயிர்க் காலத்தில் ரங்கூனிலிருந்த இம்பீரியல் வங்கி போன்ற இடங்களில் கடன் எடுத்துக்கொள்வார்கள். சொந்த டேட்டா சென்டர் நிரம்பினால் வெளி கிளவுடுக்குப் போவது போலத்தான். 1930 வாக்கில் பர்மாவில் இப்படிச் சுமார் 1,650 கடைகள் இருந்ததாக அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது.

இதை ரொம்ப இழுக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். கடன் வாங்கிய பர்மிய விவசாயி சர்வர் இல்லை. பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும், திரும்பாத கடனுக்கு நிலமே கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 சதவீதம் வைத்திருந்தவர்கள், 1937க்குள் 25 சதவீதத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். விரும்பிச் சேர்த்த நிலமல்ல, விற்கவும் வழியில்லை. கொடுக்கும் விதி பிரமாதமாக இருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் திருப்பித் தர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஏஜெண்டுகளின் தவணையில் பதில் இல்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அத்தனையும் அங்கேயே நின்றது.

எங்கள் கிளஸ்டருக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து திரும்பியதும் மீட்டிங். மேலிடத்தில் ஒருவர் சொன்னது: பழைய படிவத்தையே கொண்டு வாங்க, மேனேஜர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லை: "அந்தப் பையன் போனபோது இது யார் கைக்கு வந்துச்சு?" போர்ட்டலில் உருவாக்கியவர் பெயர் இருந்தது. பொறுப்பாளி பெயருக்கு இடமே இல்லை. முடிவுத் தேதியும் இல்லை. விலாசமும் தவணையும் இல்லாத ஏஜெண்டுகளை நூற்றுக்கணக்கில் அனுப்பிவைத்திருந்தோம்.

படிவம் திரும்பவில்லை. மூன்று மாற்றங்கள் செய்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குழுவின் முத்திரை. அது இல்லாமல் உருவாகாது. ஒருவர் வேலையை விட்டால், அவர் பெயரில் உள்ளதெல்லாம் இன்னொருவர் பெயருக்கு மாறாமல் அவருடைய கணக்கு மூடப்படாது. மூன்றாவது, டெஸ்ட் மெஷின் எல்லாவற்றுக்கும் 90 நாள். நீட்டிக்க வேண்டுமானால் காரணம் எழுதணும். அதில்தான் சண்டை அதிகம். தேதி முடிந்ததும் அழித்துவிடலாம் என்றேன் நான். முதலில் நிறுத்துவோம், இரண்டு வாரம் கழித்து அழிப்போம் என்றார் அந்த மேலிடத்துக்காரர். அவர் சொன்னபடியே வைத்தோம்.

தேதிப் பெட்டிக்கு மேலே 'தவணை' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி 14 மெஷின்கள் தவணை முடிந்து நின்றன. அதில் ஒன்று என்னுடையது.