ஆழாக்கும் ரூபாய் எடையும்

எனக்கு வயது 75. இயற்பியலில் பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். காபி கலப்பதைத் தவிர அடுக்களையில் எனக்கு வேறு வேலை இருந்ததில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன் என் மனைவி முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பெங்களூரில் பெண் வீட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. புனேயில் நான் மட்டும். அப்போதுதான் அம்மாவின் சமையல் நோட்டைக் கையில் எடுத்தேன்.

அம்மா கும்பகோணத்துப் பக்கம். நோட்டின் முதல் பக்கத்தில் 1953 என்று போட்டிருக்கிறாள். எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்து (1951) இரண்டே வருஷம். அது மாசி முடிந்து தமிழ்க் கடைக்கு மாவடு வந்திருந்த சமயம். நோட்டில் இப்படி இருந்தது:

"மாவடு 4 படி. உப்பு 4 ஆழாக்கு. மிளகாய் வற்றல் 5 பலம். கடுகு 2 பலம். மஞ்சள் 2 ரூபாய் எடை. விளக்கெண்ணெய் கொஞ்சம்."

'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாமே கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. நமது பெரியவர்கள் குத்துமதிப்பாகச் சமைத்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விசாரிக்கப் புகுந்த பிறகு, அது சரியல்ல என்று எனக்குத் தோன்றிற்று.

முதலில் முகத்தல் அளவை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆகவே 8 ஆழாக்கு ஒரு படி. வாய்ப்பாடு எங்கும் ஒன்றுதான், படிதான் ஊருக்கு ஊர் வேறு. ஆழாக்கு 168 மில்லி லிட்டர் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் கிடந்த அம்மாவின் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 205 மில்லி! தலை தட்டி அளந்தால் இது. அரிசியைக் கோபுரமாகக் குவித்து அளந்தால் இன்னும் அதிகம்.

அடுத்தது எடை. ஒரு பலம் 3 தோலா, அதாவது சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ.

'ரூபாய் எடை' என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன அளவு. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். தராசில் படிக்கல்லுக்குப் பதில் ரூபாயையே வைத்துவிடலாம். எல்லார் வீட்டிலும் இருந்த தரமான எடைக்கல் அது! 2011-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் நாணயமோ 4 கிராம்கூட இல்லை. அதை வைத்து மஞ்சளை நிறுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் விழும்.

இன்னொரு பக்கத்தில் "அரையணாவுக்குக் கொத்தமல்லி" என்று இருக்கிறது. அன்றைய கும்பகோணம் கடைத்தெரு விலை தெரிந்தால்தான் அது எத்தனை கட்டு என்று சொல்ல முடியும். 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. 1956-ல் இயற்றிய சட்டப்படி 1958 அக்டோபரிலிருந்து கிலோ, கிராம் படிப்படியாக வந்தன. தேசத்துக்கு அது மிகவும் அவசியமான சீர்திருத்தம், சந்தேகமில்லை. ஆனால் அடுக்களை நோட்டுகளை யாரும் மாற்றி எழுதவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது தேவைப்படவும் இல்லை, கை பழகியிருந்தது.

இவ்வளவு ஆராய்ச்சியும் செய்துவிட்டு, 2 படி மாவடு வாங்கி, 2 ஆழாக்கு உப்புப் போட்டு ஜாடியில் ஊறவைத்தேன். பத்து நாள் கழித்து வாயில் வைக்க முடியவில்லை. ஒரே கரிப்பு.

மனைவிக்கு போன் செய்தேன்.

"என்ன உப்பு போட்டேள்?"

"டப்பால இருக்கற உப்புதான்."

"ஏன்னா, அது தூள் உப்பு. அம்மா காலத்துல உப்புன்னா கல்லுப்புதானே? இதைக்கூடவா எழுதி வைப்பா?"

போனை வைத்துவிட்டு இரண்டையும் அதே ஆழாக்கால் அளந்து நிறுத்தேன். கல்லுப்பு 190 கிராம். தூள் உப்பு 250 கிராம். கற்களுக்கு நடுவில் காற்று நிற்கும், தூள் நெருங்கிப் படியும். அறுபது வருஷங்களுக்கு முன் கல்லூரியில் அடர்த்தி பற்றிப் படித்தவன் நான்! ஆழாக்கைச் சரியாகக் கண்டுபிடித்த எனக்கு, உப்பு என்ற சொல்லே இடையில் பொருள் மாறிவிட்டது தெரியவில்லை. அம்மா எழுதியதில் பிழை இல்லை. அவள் வீட்டுப் பாத்திரம், அவள் காலத்து நாணயம், அவள் கடைத்தெரு உப்பு, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த நோட்டு முழுமை.

1970-களில் எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினோம். அரிசி அளக்க வேண்டியிருந்ததால் அந்த ஒரு ஆழாக்கு தப்பியது. அதுவும் போயிருந்தால் இந்த நோட்டை என் பெண்ணால் படிக்க மட்டுமே முடியும், சமைக்க முடியாது.

மனைவி திரும்பி வந்ததும், அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நோட்டைப் பிரதி எடுத்தேன். ஒரு பக்கம் அம்மாவின் சொற்கள், எதிர்ப் பக்கம் கிராம், மில்லி. 'கொஞ்சம்' விளக்கெண்ணெயை அவள் கையில் ஊற்றச் சொல்லி அளந்தேன்: 2 படிக்கு 20 மில்லி.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய நோட்டு இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து, அவர்கள் கையால் போடுவதை நிறுத்து எழுதி வையுங்கள். பழைய ஆழாக்கு இருந்தால் அதன் கொள்ளளவையும் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

இந்த வருஷ மாவடு நன்றாக வந்திருக்கிறது. 2 படிக்குக் கல்லுப்பு 380 கிராம்.